ஒரு மகனின் வேண்டுதல்



பசி வந்தால் பாசமும் பறந்துவிடும் என்று சொல்வதுண்டு. அது முழு உண்மைதானா? பசியையும் சாவையும் 15 வயதிலேயே நேருக்கு நேர் கண்ட ஒரு யூதச் சிறுவனின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

சிறுவனின் பெயர் எலி வீசல். 1928-ஆம் ஆண்டு ருமேனியா நாட்டின் சிகெட் என்னும் ஊரில் பிறந்தவன். தந்தை ஷ்லோமோ கடை நடத்தி வந்தார். ஊரார் யோசனை கேட்டு வரும் மனிதர். தாய் சாரா. அக்காள்மார் இருவர், தங்கை ஒருத்தி. எலிக்குச் சமயப் படிப்பிலேதான் நாட்டம். பகலில் யூத மறைநூல்களைப் படிப்பான்; இரவில் தொழுகைக் கூடத்துக்குப் போய்க் கண்ணீர் மல்கத் தொழுவான்.

அந்நாளில் ஜெர்மனியை ஆண்ட ஹிட்லரின் நாஜி ஆட்சி, யூத இனமே இருக்கக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். சிகெட் அப்போது ஹங்கேரியின் ஆட்சியில் இருந்தது. 1944 மார்ச்சில் ஜெர்மன் படை அந்நாட்டுக்குள் நுழைந்தது. மே மாதத்தில் சிகெட்டின் யூதக் குடும்பங்களை மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து, போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள்.

இறங்கியதும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தாயையும் தங்கை சிப்போராவையும் எலி கடைசியாகக் கண்டது அங்கேதான். வயது 18 என்று சொல்லும்படி ஒரு கைதி அவனை எச்சரித்தார். வேலைக்கு உதவாத சிறுவர்களை அங்கே உயிரோடு விடுவதில்லை.

குழந்தைகளையும் எரித்த தீயைக் கண்ட பிறகு, எலியால் முன்போல் தொழ முடியவில்லை. கடவுள் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று அவன் மனம் கேட்டது. யூதர்களின் புனித நோன்பு நாளிலும் அவன் நோன்பிருக்கவில்லை.

பக்தி தளர்ந்தது, தந்தைமீது கொண்ட பாசம் தளரவில்லை. அவர் பக்கத்தில் இருப்பது ஒன்றே அவன் குறி. ஒருமுறை, தம்மைக் கொல்லப் போகிறார்கள் என்று எண்ணிய தந்தை, தம்மிடம் இருந்த கத்தியையும் கரண்டியையும் மகன் கையில் திணித்தார். அவர் விட்டுச் செல்லக்கூடிய சொத்து அவ்வளவுதான். அன்று அவர் தப்பினார்; மகன் அவற்றைத் திருப்பிக் கொடுத்தான்.

1945 ஜனவரியில் ரஷ்யப் படை நெருங்கவே, கைதிகளைப் பனியில் ஓட்டிச் சென்றனர், பின்தங்கியவர்களைச் சுட்டனர். வழியில் தங்கிய இடத்தில், முதிய சமய குரு ஒருவர் தம் மகனைத் தேடி வந்தார். தந்தை பின்தங்குவதைக் கண்டும் அந்த மகன் முன்னே ஓடியதை எலி பார்த்திருந்தான். பாரம் குறையட்டும் என்றுதான் ஓடினானோ? அந்த எண்ணமே அவனை நடுக்கியது. நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்திருந்த அவன், அதே கடவுளிடம் வேண்டிக்கொண்டான்: அந்த மகன் செய்ததைத் தான் ஒருநாளும் செய்யாதிருக்க வலிமை வேண்டும் என்று.

புக்கன்வால்ட் முகாமை அடைந்தபோது தந்தை வயிற்றுக்கடுப்பால் படுத்துவிட்டார். சாகப்போகிறவருக்கு உணவைக் கொடுத்து வீணாக்காதே என்று ஒருவர் புத்தி சொன்னார். மகன் ஒரு கணம் தடுமாறினான். ஆயினும் சூப்பு வாங்கிவந்து தந்தைக்குக் கொடுத்தான். கடைசி இரவில், தந்தை தண்ணீர் கேட்டு மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். ஜெர்மன் அதிகாரி அவரை அடித்தான். தனக்கும் அடி விழும் என்று அஞ்சி எலி அசையவில்லை. விடிந்தபோது தந்தையின் படுக்கையில் வேறொருவர் கிடந்தார்.

1945 ஏப்ரல் 11-ஆம் நாள் அம்முகாம் விடுதலை பெற்றது. அக்காள்மார் இருவரும் பிழைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. பத்து ஆண்டுகள் வாய் திறவாதிருந்த வீசல், பிறகு எழுதிய 'இரவு' என்னும் நூலில், தந்தையின் அழைப்புக்குப் போகாததையும் மறைக்காமல் எழுதினார். தம் மகனுக்குத் தந்தையின் பெயரைச் சூட்டினார். கடவுளோடு வழக்காடிக்கொண்டே வாழ்நாளெல்லாம் தொழுதும் வந்தார். 1986-இல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றார், 2016-இல் காலமானார்.

நேயர்களே, பசியும் பயமும் பாசத்தை ஓர் இரவு வென்றிருக்கலாம். ஆனால் அன்று பதில் கிடைக்காத அந்த அழைப்புக்கு, அவர் வாழ்நாள் முழுவதும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பட்ட துன்பங்களையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்; இறந்தவர்களின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.