வீடு யார் பேரில்?



போன ஞாயிறு ஒரு கோயில் வாசலில் நடந்ததைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. டித்வா புயலில் தோட்ட லயம் சரிந்த குடும்பங்களுக்குக் காணி கேட்டு, பூசை முடிந்து வந்தவர்களிடம் நம் பிள்ளைகள் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒரு பெரிய மனிதர் வந்தாராம். "கோயில் வளவில் அரசியல் வேண்டாம், மேசையைத் தூக்கு" என்றாராம். நிவாரண மூட்டையோடு நின்று படம் எடுத்தபோது அது எந்த வளவு? அரிசி கொடுத்தால் வேதம், காணி கேட்டால் அரசியலா?

நான் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கன். அது என் கோயில். அதனால்தான் இந்தக் கோபம்.

1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' என்ற திருமடலை எழுதினார். தொழிலாளி தலையாட்டிவிட்டான் என்பதால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது, அவன் வாழ அது போத வேண்டும் என்றார். அன்றைக்கு இந்த மலையில் நம் பாட்டன்மார் கங்காணியின் கடன் துண்டில் கட்டுண்டு கிடந்தார்கள்! 2025இல் வந்த பாப்பரசர் 14ஆம் லியோ அந்தப் பெயரை எடுத்ததற்கே அந்த மடல்தான் முக்கிய காரணம். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிய 'லவுதாத்தோ சி'யில் 94ஆம் பத்தியைப் படியுங்கள். பராகுவே ஆயர்கள் சொன்னதை எடுத்துப் போட்டிருக்கிறார்: வீடு கட்டிக் குடியிருந்து பிழைக்க ஒரு துண்டுக் காணி உழவனின் பிறப்புரிமை. பாப்பரசர் எழுதினால் திருமடல், கொழுந்துக்காரி கேட்டால் அரசியலா?

காலநிலை கெட்டால் முதலில் அடிபடுபவன் ஏழை என்று சொல்வதும் அதே 'லவுதாத்தோ சி'தான். வானத்தில் புகையை ஏற்றியது நம் அம்மாமாரின் விறகடுப்பா? 2025 நவம்பரில் நுவரெலியா, கண்டி, பதுளை என்று மலை இறங்கி வந்ததே, மண்ணுக்குள் போனது யார்?

பாடசாலை முகாமில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். பையில் அந்தோனியார் படம், ஈபிஎஃப் கடதாசி, ஒரு சேலை. படிவத்தோடு வந்த அலுவலர், "வீடு யார் பேரில்?" என்று கேட்டார். "எங்க பேரு செக்ரோல்லதான் இருக்கு, சேர்" என்றார் பாட்டி. தோழர்களே, ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவருக்கு இந்த நாட்டில் பேர் இருக்கிற ஒரே இடம் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு! அதிலும் கிலோ குறைந்தால் அரைப்பேர்!

காணி கொடுத்தால் தேயிலை அழியும், சம்பளம் கூட்டினால் கம்பெனி மூடும். இதுதான் துரைமார் படித்த மொத்தப் பொருளாதாரம். 2026இல் வந்த 1,750 ரூபாய் நாட்சம்பளத்திலும் 200 ரூபாயை அரசாங்கம்தான் போடுகிறது. 1992இல் தோட்ட நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தார்கள், பிறகு நீண்ட குத்தகையும் எழுதினார்கள். கம்பெனிக்கு எழுதத் தெரிந்த பேனாவுக்கு நம் பேர் மட்டும் எழுத வராதா?

நம் தலைவர்மாரோ தேர்தலுக்குத் தேர்தல் அடிக்கல் நாட்டுகிறார்கள். நாட்டிய கல்லையெல்லாம் அடுக்கியிருந்தால் அரைத் தோட்டத்துக்கு வீடு எழும்பியிருக்கும்! கல்லில் அவர்கள் பேர் இருக்கிறது. காணி உறுதியில் நம் பேர் எங்கே?

"குருமாருக்கு இது வேலை இல்லை" என்கிறார்கள். 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ், 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட நமக்காக ஆயுள் முழுக்கப் பேசினாரே, அவர் குரு இல்லையா? பிடித்து வைத்த கூலி கடவுளின் காதில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் திருமுகம் சொல்கிறதே, அதையும் கோயிலுக்கு வெளியே தூக்கி வைப்பீர்களா?

குருமாரே, வரும் ஞாயிறு அந்த 94ஆம் பத்தியைப் பீடத்தில் நின்று வாசியுங்கள். தாய்மாரே, காணி தருகிறோம் என்று காகிதத்தோடு வருவார்கள். கொழுந்து பறிக்கிறவளின் பேர் உறுதியில் இல்லையென்றால், எவர் வந்து கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்!