ஒரு கதிரை வெறுமையானால் இரு பிரிவுகள் முடமாகும்

(வன்னிக் கிராமமொன்றின் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச வந்தது தேர்தலைப் பற்றியன்று. நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையைப் பற்றியே. க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்க விரும்பும் கிராமத்துப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு உண்மையில் உண்டா? இதுவே என் வினா.

கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1945 ஆம் ஆண்டில், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பணமின்மை கல்விக்குத் தடையாகலாகாது என்பது அதன் ஒரு நோக்கம். நகரத்துப் பாடசாலையின் தரத்தை மத்திய மகா வித்தியாலயங்கள் வாயிலாகக் கிராமத்துக்குக் கொண்டுசெல்வது மற்றொரு நோக்கம். முதலாவது பெருமளவு நிறைவேறிற்று. இரண்டாவது நிறைவேறிற்றா?

இந்நாட்டின் அரசாங்கப் பாடசாலைகள் ஏறத்தாழ 10,000. அவற்றுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவுகள் உள்ளவை 1 ஏபி என வகுக்கப்பட்டவை. அவை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. 1 சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும் உண்டு. விஞ்ஞானப் பிரிவுகள் இல்லை. 2 ஆம் வகைப் பாடசாலை 11 ஆம் தரத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே, எத்துறையிற் கற்பது என்பதைப் பிள்ளையின் விருப்பமும் ஆற்றலும் தீர்மானிக்கு முன்னர், பிறந்த ஊர் தீர்மானித்துவிடுகிறது.

சரி, 1 ஏபி என்ற தரம் கிடைத்துவிட்டால் போதுமா? குளமும் வாய்க்காலும் இருந்தும் துருசு திறவாவிடில் வயலுக்கு நீர் வருமா? கணிதப் பிரிவுப் பிள்ளை வழமையாக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் கற்கிறது. மருத்துவராக விரும்பும் பிள்ளை உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவற்றைக் கற்கிறது. இரு சாராருக்கும் இரசாயனவியல் பொது. இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுச் சென்று, அவ்விடத்துக்கு எவரும் வாராவிடின், இரு பிரிவுகளும் ஒருங்கே முடமாகின்றன. பெயர்ப்பலகை அப்படியே நிற்கும். நேரசூசியில் பாடவேளையும் அப்படியே இருக்கும். பிள்ளைகளோ வெறுங் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பர்.

“பட்டணத்துத் தனியார் கல்வி நிலையத்தில் ஈடுசெய்யலாமே” என்பார் உளர். அதற்குக் கட்டணம் வேண்டும். பேருந்துச் செலவு வேண்டும். இருட்டியபின் பெண்பிள்ளை வீடு திரும்ப வழி வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும், நூற்றுக்கணக்கானோர் நெருங்கியிருக்கும் கொட்டகையில் சமன்பாட்டை எழுதிக் காட்டலாமேயன்றிச் செய்முறையைப் பயிற்றல் இயலாது. அளவியிலிருந்து அமிலம் துளித்துளியாய் விழ, பினோத்தலின் இட்ட காரக் கரைசலின் இளஞ்சிவப்பு நிறம் ஒரே துளியில் மறையும் கணத்தைத் தன் கண்ணாற் கண்டு, தன் கையால் அடைப்பைத் திருகி நிறுத்திய பிள்ளை, நியமிப்பு என்றால் என்னவென்பதை ஒருபோதும் மறவாது.

ஆய்வுகூடத்திற் கருவிகள் இல்லை என்பதும் முழு விடையன்று. ஒரு நூலும், சிறு உலோகக் குண்டும், நிறுத்தற் கடிகாரமும் போதும். ஒரு மீற்றர் நீளமான ஊசல் ஒருமுறை சென்று மீள ஏறத்தாழ 2 செக்கன் ஆகும். நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும்; அதன் சாய்விலிருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணிக்கலாம். ஆயினும், ஓரலைவை மட்டும் அளவாது 20 அலைவுகளை அளந்து வகுப்பது ஏன், சிறு கோணத்தில் மட்டும் ஆட்டுவது ஏன் என்று பிள்ளையைச் சிந்திக்கவைக்க ஆசிரியர் வேண்டும். கருவியின் குறையை நல்லாசிரியர் ஓரளவு நிரப்புவார். ஆசிரியரின் குறையை எக்கருவியும் நிரப்பாது.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு நமக்குக் கைகொடுக்கும் எனச் சிலர் ஆறுதல் கொள்கின்றனர். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 55 சதவீதம்வரை மாவட்ட அடிப்படையிற் பங்கிடப்படுவது உண்மையே. ஆனால் அவ்வொதுக்கீடு மாவட்டத்தைப் பார்க்கிறதேயன்றிப் பாடசாலையைப் பார்ப்பதில்லை. எல்லா ஆசிரியரும் உள்ள பட்டணத்துப் பிள்ளையும், ஈராண்டும் இரசாயனவியல் ஆசிரியரைக் காணாத நம் பிள்ளையும் ஒரே மாவட்ட வரிசையில் நிற்கின்றனர். இது சமமான போட்டியாகுமா?

சட்டம் என்ன கூறுகிறது? அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை, எல்லா மட்டங்களிலும் கல்வி பெறுவதற்கான சமவாய்ப்பை அரசின் குறிக்கோளாக வைக்கிறது. ஆயின் 29 ஆம் உறுப்புரை, அக்குறிக்கோளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாதென்கிறது. ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறித்தவாறு! சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12 ஆம் உறுப்புரையோ அடிப்படை உரிமை. அதன்வழி உயர் நீதிமன்றத்தை நாடலாம். எனினும் எடுத்த எடுப்பில் நீதிமன்றம் செல்லுமாறு நான் கூறவில்லை. வழக்குக்கும் முறையீட்டுக்கும் முதலில் வேண்டுவது சான்று.

அச்சான்றைப் பெற வழியுண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்; 14 வேலை நாள்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்படல் வேண்டும். மூன்று வினாக்களைக் கேளுங்கள். இப்பாடசாலைக்குப் பாடவாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆசிரிய ஆளணி எவ்வளவு? இன்று கடமையில் உள்ளோர் எத்தனை பேர்? வெற்றிடம் ஒவ்வொன்றும் எந்நாள் தொடக்கம் வெறுமையாயுள்ளது? 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தின் பின், தேசிய பாடசாலைகள் கொழும்பு அமைச்சின் கீழும் ஏனையவை மாகாணத்தின் கீழும் உள்ளன. நம் பாடசாலை மாகாணத்துக்குரியது. ஆகவே பொறுப்பு எவருடையது என்பதில் மயக்கம் வேண்டாம். மடல் வலயக் கல்வி அலுவலகத்துக்கே செல்லட்டும்.

விடை வந்தபின் நம் கோரிக்கை ஒன்றே: பதில் ஆசிரியர் வந்து கடமையேற்கும்வரை விஞ்ஞான, கணித ஆசிரியர் எவரையும் கிராமப் பாடசாலையிலிருந்து விடுவிக்கலாகாது. இடமாற்றம் ஆசிரியரின் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. தொலைவிலிருந்து வரும் ஆசிரியருக்குத் தங்க ஒரு நல்ல வீடு தருவது நம் ஊரின் கடமை. அதை இக்கூட்டத்திலேயே ஏற்போம். பிள்ளையின் பாடவேளையோ ஒருமுறை போனால் திரும்பாது.

பெருமக்களே! பருவம் தவறி விதைத்தால் என்னாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உயர்தரத்தின் பருவம் ஈராண்டுக்கும் குறைந்ததே. அடுத்த தவணை தொடங்குமுன் அம்மடல் போய்ச் சேரட்டும். முதற் கையொப்பம் ஒரு கமக்காரருடையதாயிருக்கட்டும்.