இடம் கிடைத்தால் போதுமா?

 

எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளைகளை அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் மெரிட் கணக்கில் 90 விழுக்காடு தேர்வுக்கு. 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. "சாரணர் இயக்கம் சோறு போடுமா?" என்று நம் வீடுகளில் கேட்கிறோம். போட்டி மிகுந்த துறையில் அந்தப் பத்தே இடத்தை வாங்கித் தரலாம்.

கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. 1997 முதல் பி.டி.பி.டி.என். கடனும் உண்டு. ஆனால் பதிவு நாளில் விடுதிக் கட்டணம், பயணச் செலவு, மடிக்கணினி எல்லாம் கடன் பணத்துக்கு முன்னே வந்து நிற்கும். நம் குடும்பங்கள் தடுமாறுவது அங்கேதான்.

ஆகவே முதலாம் படிவத்திலேயே பிள்ளை பெயரில் மாதம் பத்து வெள்ளியாவது எஸ்.எஸ்.பி.என்.னில் சேமிப்போம். அப்படியும் போதவில்லையா? நகையை அடகு வைக்குமுன் சங்கத்திடம் சொல்லுங்கள். இடம் கிடைத்த பிள்ளை பணமின்றித் திரும்பக்கூடாது. இன்ஷா அல்லாஹ், திரும்ப விடமாட்டோம்.