பிள்ளையைக் கேளுங்கள்



தற்கொலை என்ற சொல்லை இம்மேடையில் உச்சரிப்பதே அபசகுனம் எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும் பேசத்தான் வேண்டியிருக்கிறது. இலங்கையில் 1995ஆம் ஆண்டில் இலட்சம் பேருக்கு 47 பேரளவில் தம்முயிரை மாய்த்தனர். அவ்வாண்டிலும் 1998இலும் கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டன. 2005இற்குள் அத்தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. அந்த ஒரு வேளை கடந்தாற் பலர் பிழைத்து நெடுநாள் வாழ்கின்றனர்.

எமதூரில் தோட்டஞ் செய்யும் வீடுகள் பல. தெளிக்குமளவுக்கு மருந்து வாங்குங்கள். மிச்சத்தை வீட்டில் வையாதீர்கள். பெட்டியிற் பூட்டினாற் போதுமென்றும் இராதீர்கள். அநுராதபுரப் பகுதிக் கிராமங்களிற் பூட்டுப்பெட்டிகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த அவ்வாய்வு பயன் காணவில்லை.

ஆகவே பிள்ளையோடு பேசுங்கள். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியை எடுத்துரையாதீர்கள். (அந்தப் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்!) உண்ணாமல், உறங்காமல் ஒதுங்கியிருப்பவனிடம், "சாகவேணும் போலை இருக்கோ, ராசா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைக்காது. ஓமென்றால் ஏசாதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் இரவு பகலாகத் தமிழிலும் பேசலாம்.