யார் வாரிசு?

(கொல்லிமலையில் பேசிய பேச்சின் சாரம்)



செம்மேட்டில் ஓரி சிலையைப் பார்த்துவிட்டுத்தான் இங்கு வந்தோம். ஆடி 18-ஐ ஒட்டி அரசாங்கமே அவனுக்கு விழா எடுக்கிறது. எடுக்கட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் விழா என்றவுடன் “ஓரி எங்கள் வம்சம்” என்று பாத்தியதை பேசக் கிளம்புகிறார்களே, அவர்களுக்குச் சில வார்த்தை சொல்ல வேண்டும். சங்க காலத்து மனிதனுக்கும் இவர்களுக்கும் இடையே எத்தனை தலைமுறை? தஸ்தாவேஜு யாரிடம் இருக்கிறது?

தஸ்தாவேஜு கேட்டே நடக்கும் பெண்கள் சங்கம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்’ என்று பெயர். 1890-இல் வாஷிங்டனில் ஸ்தாபித்தார்கள். அந்நாட்டுச் சுதந்திர யுத்தத்திற்கு உதவிய ஒருவருக்கு நேர் வாரிசு என்று ருசுப்படுத்தினால்தான் அங்கத்தினராகலாம். சும்மா இருப்பவர்களும் அல்ல. பழைய கட்டடங்களைக் காக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கப் பணம் கொடுக்கிறார்கள். குடும்ப வரலாற்றுக்கென்றே பெரிய புத்தகசாலை நடத்துகிறார்கள். நல்ல காரியங்களே.

ஆனால் 1939-இல் நடந்ததைக் கேளுங்கள். மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பெண், உலகம் புகழ்ந்த பாடகி. அவர் பாடுவதற்கு இச்சங்கத்தாரின் மண்டபத்தைக் கேட்டபோது, வெள்ளைக்காரர்தான் மேடையேறலாமென்று மறுத்துவிட்டார்கள். நம்மூர்க் கோவில் வாசலில் சொன்ன பதிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் அம்மையார் சங்கத்தைவிட்டே விலகினார். ஏப்ரல் 9-இல் லிங்கன் நினைவு மண்டபத்துப் படியில் நின்று ஆண்டர்சன் பாட, 75,000 பேர் கூடிக் கேட்டார்கள். கறுப்பினப் பெண் ஒருவரை அச்சங்கம் அறிந்தே அங்கத்தினராக ஏற்றதோ 1977-இல்தான்! பிறகு 2008-இல், அந்த யுத்தத்தில் பங்குகொண்ட கறுப்பர், செவ்விந்தியர் 6,600 பேருக்கு மேற்பட்டவர் பெயர்களைத் தேடி அவர்களே புத்தகமாக அச்சிட்டார்கள். ஆக, பாட்டன்மார் வரிசையில் அவர்களும் ஆதி முதலே இருந்திருக்கிறார்கள்.

இனி உங்கள் விஷயம். இம்மலையின் பழஞ்சொத்து சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகுமாகும். மரவள்ளி பணப்பயிராகப் பரவிய பின்னும், நல்ல கதிராகப் பொறுக்கி, காயவைத்து, தொம்பையில் போட்டுக் காத்தவர்கள் யார்? இதோ உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள். சாமையை உரலில் குத்திக் கை காய்த்ததும் இவர்களுக்கே. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கு வேலை செய்யத் தொடங்கியபோது இவர்களுடைய அறிவு அவர்களுக்குத் தேவைப்பட்டது. பின்னர் சுய உதவிக் குழுக்களும் விதை வங்கியும் தோல் நீக்கும் இயந்திரமும் வந்தன. பெண்ணின் கையிலிருந்து உலக்கையை வாங்கிவைத்த அந்த இயந்திரத்துக்கு வேண்டுமானால் மாலை போடலாம்!

விதை கொடுக்கும்போது இவர்கள் யாரிடமாவது வம்சம் கேட்டதுண்டா?

ஆண்களைக் கேட்கிறோம். விதை காத்தவள் பேரில் உங்களில் எத்தனை வீட்டில் நிலப்பட்டா இருக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

இவ்வளவுதானா? சரி. அடுத்த ஆடி விழாவுக்குள் இந்தக் கணக்கு ஏறவேண்டும். நாமும் திரும்பி வந்து எண்ணிப் பார்ப்போம்.