72 மணி நேரம்: தயங்கினால் போய்விடும்



இன்னிக்கு நாம பேசப்போறது, பலரும் காது கொடுத்துக் கேட்கத் தயங்குற விஷயம். பாலியல் தொழிலில் இருக்கும் திருநங்கைகள், ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்கள் ஆகியோரின் உடல்நலம். அது நீங்களாக இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்தவராகவும் இருக்கலாம்.

ராத்திரி ஒருவர் மிரட்டி, ஆணுறை இல்லாமல் உறவு கொண்டுவிட்டார். காலையில் அரசு மருத்துவமனைக்குப் போகணும். ஆனா, ஓ.பி. சீட்டு வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்களேன்னு பலர் போறதில்லை. அங்கேதான் ஆபத்து. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கணும். 28 நாள் விடாமல் சாப்பிடணும். ஆணுறை கிழிந்தாலும் உடனே மருத்துவரிடம் கேளுங்க.

ஆணுறையோடு தேங்காய் எண்ணெய், வாசலின் வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் பலமிழந்து கிழியும். தண்ணீரில் கரையும் ஜெல் போதும்.

சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, தானா ஆறிடும். ஆனா நோய் உள்ளேயே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியில் குணமாகும். கவனிக்காம விட்டால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் கூடும்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, உங்க சம்மதம் இல்லாம பரிசோதிக்கக் கூடாது. முடிவை ரகசியமா வைக்கணும். தொற்றைக் காரணம் காட்டி சிகிச்சை மறுக்கக் கூடாது.

பையில் ஆணுறை இருந்தா போலீஸ் பிடிக்குமோன்னு பயமா? பாலியல் தொழிலாளர்கள் ஆணுறை வைத்திருப்பதைக் குற்றமாகவோ, குற்றத்துக்கான சாட்சியமாகவோ கருதக் கூடாது என்று 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கு. பாலியல் வன்முறைக்கு ஆளானால் உடனடி மருத்துவ உதவியும் உங்க உரிமை.

தொற்று உறுதியானாலும் கலங்க வேண்டாம். கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். தினமும் மாத்திரை சாப்பிட்டு, வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியே மற்றவருக்குப் பரவாது.

வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்தில் ஒரு திருநங்கை நின்றால், முறைச்சுப் பார்க்காதீங்க. அந்த ஒரு பார்வையே அவங்களை வாசலோடு திருப்பி அனுப்பிடும்.

சந்தேகம் இருந்தால் 1097-க்குப் பேசுங்க. கட்டணம் கிடையாது. இப்பவே போனில் சேமிச்சு வைங்க.