நாலு, நாலு, ரெண்டு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"உங்க மருந்து விஷயமா பத்து நிமிஷம் பேசுங்க" என்றார் செயலாளர். கான்சாபுரத்துக்காரனுக்குப் பத்து நிமிடம் பத்தாது என்பது என் அறைத் தோழர்களுக்குத் தெரியும்! முயன்று பார்க்கிறேன்.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு மலேரியாக்காரர் வருவார். காய்ச்சல் உண்டா என்பார், விரலில் குத்தி ரத்தம் எடுப்பார், மாத்திரை கொடுப்பார், சுவரில் தேதி போட்டுவிட்டுப் போவார். பிற்காலத்தில் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் வேலையே எனக்கு வாய்த்தது.

பெரியவர்களுக்குக் குளோரோகுயின் கணக்கு நாலு, நாலு, ரெண்டு. மூன்று நாளில் பத்து மாத்திரை. நான் வேலை பார்த்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பம்பாயில் கொத்தனார் வேலை செய்து திரும்பிய ஒருவர் நடுங்கிக்கொண்டு வந்தார். டப்பாவில் இருந்தது நாலே மாத்திரை. கொடுத்து, "நாளைக்கு வாங்க" என்றேன். வந்தார். இண்டென்ட் போட்ட மருந்து வரவில்லை. மூன்றாம் நாள் அவரும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, அவர் மனைவி மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கூட்டி வந்தார். "காய்ச்சல் விட்டுருச்சுன்னு இருந்துட்டோம் சார்" என்றார் அந்த அம்மா. பிழைத்துக்கொண்டார். ஆனால் 'நாளைக்கு வாங்க' என்று சொல்ல இன்றும் எனக்கு நாக்கு எழாது.

அன்றிலிருந்து இந்த மருந்துகளின் பாதையை விசாரிக்க ஆரம்பித்தேன். 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. உலகத்துக் குயினைனில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அந்த ஒரு தீவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நம் நீலகிரி நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டம் இருந்தது. ஆனால் அதை வைத்து உலகத்தைச் சமாளிக்க முடியுமா? பிறகு குளோரோகுயின் மலிவாகக் கிடைத்தது. 1973-இல் அஸ்ஸாமில் ஃபால்சிபாரம் கிருமி அதற்கு மசியவில்லை என்று கண்டார்கள்.

அடுத்து வந்தது ஆர்ட்டிமிசினின். சீனத்து து யூயூ ஒரு செடியிலிருந்து எடுத்தது. 2015-இல் நோபல் பரிசு பெற்றார். கிருமி பழகிவிடக் கூடாதென்று இதைத் தனியாகக் கொடுக்காமல் இன்னொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். தனி மாத்திரை விற்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2006-இல் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. 2010-இலிருந்து இந்தியாவிலும் ஃபால்சிபாரத்துக்குக் கூட்டு மருந்துதான்.

இதில் நம்மூர்க்காரர்களுக்குச் சட்டெனப் புரிகிற ஒரு சங்கதி உண்டு. தக்காளி விலை ஏறினால் எல்லோரும் தக்காளி போடுகிறோம், அடுத்த போகத்தில் ரோட்டில் கொட்டுகிறோம் அல்லவா? அந்தச் செடிக்கும் அதே கதிதான். உலகமே கூட்டு மருந்துக்கு மாறியதும் தட்டுப்பாடு வந்தது. 2005 வாக்கில் ஆர்ட்டிமிசினின் கிலோ ஆயிரம் டாலரைத் தாண்டியது. சீனா, வியட்நாம், கிழக்கு ஆப்பிரிக்கா எங்கும் விவசாயிகள் பயிரிட்டார்கள். இரண்டே வருடத்தில் சுமார் இருநூறு டாலருக்கு இறங்கிவிட்டது. நஷ்டப்பட்டவர்கள் வேறு பயிருக்குப் போனார்கள். நட்டதிலிருந்து மாத்திரையாகக் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். காய்ச்சல் அதுவரை காத்திருக்குமா?

விலையைக் குறைத்தால் போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அடுத்த வருடம் இவ்வளவு வாங்கிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிற ஆள்தான் முதலில் வேண்டும். ஏழை நாட்டு அரசாங்கத்தால் அது முடியாது. 2002-இல் வந்த குளோபல் ஃபண்ட் போன்றவை பணம் போட்டால்தான் உண்டு. இத்தனைக்குப் பிறகும் 2023-இல் உலகில் சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவில் இறந்தார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

பக்கத்து இலங்கை 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கியது. அதன் பிறகும் வெளியூர் போய்வந்தவர்களுக்காக அங்கே மருந்தை இருப்பில் வைத்திருக்கிறார்கள். நோயாளி வருவதற்கு முன்பே நிறைந்திருக்கும் அந்த அலமாரியை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.